வரம்புக்குள் ஒரு மழைக்காலம்

மருதங்கேணிப் பக்கம், தாளையடிக் கடற்கரையில், 2024 ஓகஸ்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் அதன் கொள்ளளவு. வாளியும் கானும் தூக்கி அலைந்த தீவகத்துச் சனத்தைக் கேட்டால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்வார்கள். நெல்லைப் பற்றிய இந்த அத்தியாயத்தில் அந்த எண்ணை வேறொரு கணக்குக்காக எடுக்கிறேன். ஒரு ஹெக்டேயர் நிலத்தில் நெல் விதைத்து அறுக்கும்வரை, பயிர் குடிப்பது, வெயிலில் போவது, மண்ணுக்குள் வடிவது எல்லாம் சேர ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத் தண்ணீர் வேண்டும். அது 10,000 கன மீற்றர். அப்படியென்றால் நிலையம் ஒரு நாள் முழுக்க உழைத்துத் தருவது 2.4 ஹெக்டேயருக்குத்தான் காணும். யாழ் மாவட்டத்து வயல்களில் 10,000 ஹெக்டேயரை மட்டும் எடுத்தாலும், ஒரு போகத்துக்குத் தண்ணீர் சேர்க்க அது 11 வருடத்துக்கு மேல் நில்லாமல் ஓட வேண்டும். ஒவ்வொரு கன மீற்றருக்கும் 3, 4 அலகு மின்சாரச் செலவு வேறு.

இனி மறுபக்கக் கணக்கு. அதே 10,000 ஹெக்டேயரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு கோடி கன மீற்றர். நிலையத்தின் 416 நாள் உற்பத்தி. கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் எழும் ஒரு தாழமுக்கம் இதை ஒரே நாளில், காசு கேட்காமல், கொட்டிவிட்டுப் போகும்.

ஆகவே யாழ்ப்பாணத்து நெல் மழைநெல். இனியும் அப்படித்தான் இருக்கப்போகிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்து முடிந்துவிடும். ஆண்டு மழை சுமார் 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் பெய்து தீர்ந்துவிடும். இரணைமடுக் குளத்தின் கீழே செய்கிறவருக்குக் காலபோகம் பிழைத்தாலும் சிறுபோகம் என்று ஒன்று இருக்கிறது. தென்மராட்சியிலோ காரைநகரிலோ அது இல்லை. மாறும் காலநிலைக்கு ஏற்ற நெற்செய்கை என்று உலகெங்கும் எழுதப்படும் கையேடுகளில் பாதி, மதகைத் திறக்கவும் மூடவும் கூடிய கமக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குடாநாட்டுக் கமக்காரரிடம் மதகு இல்லை. அவர் கையில் இருப்பவை வரம்பு, விதை, விதைக்கும் நாள். நவீனமாக்க வேண்டியதும் இவற்றைத்தான் என்பது என் கட்சி.

வரம்பின் அருமை தெரிய நிலத்துக்கு அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும். குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் மேல் படுத்திருக்கிறது. அந்தக் கல் முழுதும் வெடிப்பும் குழியும் குகையும். பெய்யும் மழை அதற்குள் இறங்கி, கீழே ஏற்கெனவே ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் எடை சற்றுக் குறைவு என்பதுதான் காரணம். எவ்வளவு மிதக்கும் என்பதை ஒல்லாந்துப் பொறியியலாளர் படோன் கைபென்னும், அவருக்குப் பின் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கணக்கிட்டுச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும். கேட்க இனிப்பான கணக்கு. திருப்பிப் போட்டால் கசக்கும்: மேலே நீர்மட்டம் ஓரடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழேயிருந்து உப்புநீர் நாளடைவில் நாற்பதடி ஏறிவரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் இதை ஆழத்தோடு அளக்கலாம். மேலே குடிக்கக்கூடிய நீர், ஆழம் போகப்போகச் சவர்.

கடல்மட்டமும் தன் பங்குக்கு உயர்கிறது. 2006 முதல் 2018 வரையான காலத்தில் உலக சராசரி ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். ஒரு தாள் அட்டையின் தடிப்புக்கு யார் பயப்படுவார் என்று தோன்றலாம். நிலம் உயரமாக இருக்கும் இடத்தில், கடல் உயர்ந்தால் நன்னீர் மட்டமும் கூடவே உயர்ந்துகொள்ளும். குடாநாட்டின் கரையோர வயல்களும் தரவைகளும் அப்படி உயர இடமில்லாத தாழ்நிலங்கள். அங்கே நீர்மட்டம் ஏற்கெனவே தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கடல் ஏறினால் நன்னீர் மேலே போக முடியாமல் வழிந்தோட, உப்பின் பங்கு கூடும்.

இந்த இடத்தில் வரம்பு வருகிறது. 15 சென்ரிமீற்றர் தண்ணீரைத் தேக்கும் வரம்பு, ஒரு ஹெக்டேயரில் 1,500 கன மீற்றர் மழையை ஓடவிடாமல் பிடிக்கிறது. பயிர் குடித்தது போக மிச்சம் மண்ணுக்குள் இறங்கி அந்த மிதக்கும் நன்னீரோடு சேர்கிறது. களித்தரையில் மெதுவாக இறங்கும், மணல் கலந்த தரையில் விரைவாக இறங்கும். எப்படியும் கடலேரிக்கு ஓடிப்போயிருக்க வேண்டிய நீர் அது. வெங்காயமும் புகையிலையும் விளையும் வலிகாமத்துச் செம்பாட்டுத் தோட்டக்காணிகள் கிணற்றிலிருந்து இறைத்துச் செலவழிப்பவை. தாழ்வில் கிடக்கும் வயற்காணிகள் மாரியில் அதைத் திருப்பிக் கொடுப்பவை. நெல்லுக்கு வருமானம் இல்லை, இந்த நிலத்தை வேறெதற்காவது விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் மூட்டைக் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். கிணற்றுக் கணக்கை யாரும் அந்தக் கொப்பியில் எழுதுவதில்லை. குளங்களும் இந்த வேலையில் பங்காளிகள். குடாநாட்டில் சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உண்டு. பல தூர்ந்து கிடக்கின்றன. குளத்துக்கு மழையைக் கொண்டுவந்த வாய்க்கால்களில் மதில்கள் எழும்பியிருக்கின்றன.

நெற்பயிருக்கு உப்பு எப்போது வலிக்கிறது என்பது அடுத்த கேள்வி. மாசியில் அறுவடை முடிந்தபின் ஏழெட்டு மாதம் வயல் வெயிலில் கிடக்கிறது. அடியில் இருக்கும் சவர்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலே ஏறி, ஆவியாகி, உப்பை மேற்பரப்பில் விட்டுப் போகிறது. கடலேரியை அண்டிய வயல்களில் ஆடி, ஆவணியில் வெள்ளை பூத்துக் கிடப்பது இதுதான். புரட்டாசியில் கமக்காரர் புழுதியாக உழுது, காய்ந்த மண்ணில் காய்ந்த விதையை எறிந்துவிட்டு மழையைப் பார்த்திருப்பார். புழுதி விதைப்பு பழைய முறை என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. வரும் முதல் மழையிலேயே விதை முளைத்துவிடுவதால், பருவத்தின் ஒரு துளியும் வீணாகாது. சேற்று விதைப்புக்காக வயல் நிரம்பும்வரை காத்திருந்தால் இரண்டு, மூன்று கிழமை போய்விடும். மூன்று மாத மழைக்காலத்தில் அது பெரிய இழப்பு.

வில்லங்கம் முதல் மழைக்கும் இரண்டாம் மழைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பாட்டம் பெய்து விதையை முளைக்கவைத்துவிட்டுப் பத்து, பதினைந்து நாள் மழை காணாமல் போனால், கீழே கழுவப்பட்ட உப்பு மறுபடி மேலே ஏறும். அந்த நேரம் வயலில் நிற்பது இரண்டிலை, மூன்றிலை நாற்று. நெல் தன் வாழ்நாளில் உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பருவங்களில் ஒன்று இது. மற்றது குடலையும் பூவும். இடையில் தூர் பிடிக்கும் காலத்தில் ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

மண்ணின் உப்பை அதன் மின்கடத்துதிறனால் அளப்பார்கள். அலகு மீற்றருக்கு டெசிசீமன். கடல்நீர் ஏறக்குறைய 50. மண்ணில் 3 வரை நெல் பொறுக்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் சுமார் 12 வீதம் போகும். 6 ஆனால் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும். மாஸ், ஹொஃப்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட அட்டவணையின் கணக்கு இது. இன்றும் பயிர்களை ஒப்பிட அதையே எடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பார்லியும் பருத்தியும் நெல்லைவிட எவ்வளவோ மேல். தண்ணீரில் நிற்கும் பயிர் என்பதால் உவர்நிலத்தில் நெல்லை வைக்கிறோமே தவிர, உப்பை விரும்பும் பயிர் என்பதால் அல்ல. தேங்கும் மழைநீர் உப்பைக் கீழே அழுத்திவைத்திருக்கும்வரைதான் அதற்கு அங்கே வாழ்வு.

உப்பு பயிருக்குள் என்ன செய்கிறது? வேர் உறிஞ்சும் நீரோடு சோடியமும் ஏறுகிறது. இலையில் நீர் ஆவியாகிப் போக, சோடியம் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். பொற்றாசியம் செய்யவேண்டிய வேலைகளில் அது புகுந்து குழப்பும். வளர்ந்த பயிர் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறது: வருகிற சோடியத்தைப் பழைய இலைகளில் கொட்டி, அவற்றைப் பலி கொடுத்து, குருத்தைக் காப்பாற்றும். மூன்றிலை நாற்றிடம் பலி கொடுக்க இலை இல்லை.

சில நெல் இனங்கள் இலைக்குப் போவதற்கு முன்பே காரியத்தை முடிக்கின்றன. வேரிலிருந்து மேலே போகும் குழாய்களின் ஓரத்தில் உள்ள கலங்களில் ஒரு புரதம் காவல் நிற்கிறது. ஏறும் நீரிலிருந்து சோடியத்தை வாரி எடுத்து வேருக்கே திருப்பி அனுப்புவது அதன் தொழில். அந்தப் புரதத்துக்கான பரம்பரையலகை 2005இல் வங்கத்து உவர்நில நெல்லான நோனா பொக்ராவில் அடையாளம் கண்டார்கள். முதலாம் நிறமூர்த்தத்தில் அது இருக்கும் பகுதியையே, கேரளத்துக் காயலோரங்களில் விளையும் பொக்காளி நெல்லில் முன்பே சுட்டிக்காட்டி, சால்டோல் என்று பெயரிட்டிருந்தார்கள். பொக்காளியின் இந்தக் குணம் இலங்கைக்குப் புதிதல்ல. அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தினர், ஜீன் எது என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே பொக்காளியை உள்ளூர் உயர்விளைச்சல் வகை ஒன்றோடு கலந்து ஏ.ரி. 354, ஏ.ரி. 401 என்ற வகைகளை உருவாக்கிவிட்டார்கள். முன்னது மூன்றரை மாதப் பயிர், பின்னது நான்கு மாதம். உவர் ஏறும் வயல்களுக்கு இன்றும் விவசாயத் திணைக்களம் முதலில் சொல்லும் பெயர்களில் இவை உண்டு.

விதைக் கடையில் கேட்காமல் விடப்படும் ஒரு சங்கதியையும் இங்கே சொல்ல வேண்டும். உவர் தாங்கும் வகை என்றால் உவரில் செழிக்கும் வகை என்று அர்த்தமில்லை. மற்றது செத்துப்போகும் இடத்தில் இது மெலிந்து நின்று ஏதோ கொடுக்கும். உவர் இல்லாத வயலில் சாதாரண வகை இதைவிடக் கூடுதலாகவும் தரலாம். ஒரே ஊரில், ஒரே வயல்வெளியில், கடலேரிப் பக்கத்துக் கடைசி நாலு வரம்புக்குள் ஒரு விதையும் மேட்டுப் பக்கம் வேறு விதையும் போடவேண்டியிருக்கும். அதற்கு எந்த வயலில் எவ்வளவு உப்பு என்று தெரிய வேண்டும். மின்கடத்துதிறன் மானி சட்டைப்பைக்குள் அடங்கும் சாமான். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஒன்றை வைத்து, ஆவணியில் ஒரு தடவை, முதல் மழைக்குப் பின் ஒரு தடவை வயல்வெளியைச் சுற்றிவந்து அளந்து எழுதிவைத்தால், சில வருடத்தில் ஊருக்கு ஓர் உப்பு வரைபடம் கிடைத்துவிடும். ட்ரோன் பறக்கவிடுவதைவிட எனக்கு இது உசிதமாகப் படுகிறது. ட்ரோன் படத்தில் அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

விதையின் கதையில் வடக்குக்கு ஒரு பெருமையும் ஓர் இழப்பும் உண்டு. 1958இல் வெளிவந்து இலங்கையின் நெல் விளைச்சலையே மாற்றிய எச் 4 என்ற வகையின் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் மாஸ். மற்றது முருங்கைக்காயன் என்ற நம் நாட்டு நெல். பத்தலகொடையில் ஹெக்டர் வீரரத்ன செய்த கலப்பு அது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8ஐ வெளியிட்டது அதற்கு எட்டு வருடம் கழித்து, 1966இல். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்று யாழ்ப்பாணத்துச் சட்டிகளில் வெந்த பெயர்கள் எல்லாம் வெறும் ருசிக்காகக் காப்பாற்றப்பட்டவை என்று நினைத்தால் பிழை. புழுதியில் முளைத்து, களையோடு போட்டியிட்டு, ஒரு வெள்ளத்தையும் ஒரு வறட்சியையும் ஒரே மாரியில் தாங்கிய இனங்கள் அவை. விளைச்சல் குறைவு, உயரம் கூட, காற்றடித்தால் சாய்ந்துவிடும். இந்தக் குறைகளும் உண்மைதான்.

இழப்பு போர்க்காலத்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அது விதைப்புக் காலம். விதைநெல் என்பது வருடா வருடம் விதைத்து அறுத்து மாற்றிவைக்க வேண்டிய உயிர்ப்பொருள். இரண்டு மாரி தவறினால் கோணிக்குள் இருப்பது சோற்றுக்குத்தான் ஆகும். நல்லவேளையாக 1988இல் கன்னொறுவையில் தாவரப் பிறப்புரிமை வள நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் குளிரறைகளில் உள்நாட்டு நெல்லினங்கள் ஆயிரக்கணக்கில் காக்கப்படுகின்றன. குளிரறையில் இருக்கும் விதை ஒரு குணத்தை இழக்காது, புதிதாக ஒன்றைக் கற்கவும் கற்காது. முப்பது வருடத்தில் மாறிய மழையும் கூடிய உப்பும் அதற்குத் தெரியாது. ஆகையால் அவற்றில் சிலவற்றையாவது அரியாலையிலும் காரைநகரிலும் ஒவ்வொரு மாரியும் விதைத்து, தப்பியதை எடுத்து, மறுபடி விதைக்கும் வேலை வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குடாநாட்டின் உப்பு ஓரம் அவற்றுக்கு அரைநாள் பயணத்துக்குள்தான்.

மழைக்கு வருவோம். ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் காற்று ஏறக்குறைய 7 வீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஒரே மூச்சில் இறக்கிவைக்கும். ஆண்டு மொத்தம் அதே 1,250 மில்லிமீற்றராக இருந்தாலும், அது நாற்பது நாளில் பெய்வதும் பதினைந்து நாளில் பெய்வதும் நெல்லுக்கு இரண்டு வேறு உலகங்கள். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவி, 2024 நவம்பர் கடைசி வாரத்தில் ஃபெஞ்சல், 2025 நவம்பர் கடைசியில் டித்வா என்று புயல்கள் வந்தன. மாதங்களைக் கவனியுங்கள். நான்கும் வயலில் பயிர் தூர் பிடித்து நிற்கும் வேளையில் வந்தவை.

தண்ணீரில் நிற்கும் பயிர் தண்ணீரில் மூழ்கினால் என்ன என்று கேட்கலாம். முழுக்க மூழ்கிய இலைக்கு ஒட்சிசனும் வெளிச்சமும் கிடைக்காது. சாதாரண நெல் பதறிப்போய், எதிலீன் என்ற வாயு உடலுக்குள் சேரச்சேர, மேலே எட்டிப்பார்க்க நீண்டு வளரும். கையிருப்பு மாப்பொருள் முழுதும் அதிலேயே தீரும். வெள்ளம் வடிந்ததும் நீண்டு மெலிந்த அந்தப் பயிர் எழுந்து நிற்க வலுவில்லாமல் சேற்றில் படுத்துவிடும். சில இனங்கள் இதற்கு நேர்மாறாக, வளர்ச்சியை நிறுத்தி மூச்சடக்கிக் காத்திருக்கும். பத்து, பதினான்கு நாள் கழித்து வெள்ளம் போனதும் மிச்சம் வைத்த மாப்பொருளில் மறுபடி துளிர்க்கும். இந்தக் குணத்துக்குக் காரணமான சப் 1 ஏ பரம்பரையலகை ஒடிசாவின் பழைய இனம் ஒன்றிலிருந்து 2006இல் பிரித்தறிந்தார்கள். மூழ்கலைத் தாங்கும் பழைய இனங்களின் சர்வதேசப் பட்டியலில் இலங்கையிலிருந்து போன குறுக்கறுப்பன், கொட ஹீனட்டி, தவளு ஆகிய மூன்றும் வெகுகாலமாக இருக்கின்றன. இந்தியாவில் சுவர்ணா நெல்லுக்குள் இந்த ஒரு குணத்தை மட்டும் ஏற்றி 2009இல் கமக்காரருக்குக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு வேண்டியது இன்னும் கடினமான கூட்டு: புரட்டாசியில் உப்பைத் தாங்க வேண்டும், கார்த்திகையில் மூழ்கலைத் தாங்க வேண்டும், மூன்றரை மாதத்தில் முடிய வேண்டும், சோறு சிவப்பாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை ஆராய்ச்சியாளர் மறந்தால் முதல் மூன்றும் விதைக் களஞ்சியத்தில் தூங்கும்.

ஒரு விதத்தில் குடாநாட்டு நெல் அதிர்ஷ்டக்காரி. பூக்கும் வேளையில் 35 பாகைக்கு மேல் வெப்பம் ஒரு மணி நேரம் அடித்தாலே மகரந்தம் கெட்டுக் கதிர் சப்பியாகும் என்று உலகம் கவலைப்படுகிறது. இங்கே நெல் பூப்பது மார்கழியின் குளிர்ச்சியில். அந்தக் கவலையை நாம் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். நமக்கு வருவது தை மழை. கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும்போது இரண்டு நாள் பெய்தால் பயிர் விழும், விழுந்த மணி ஈரத்தில் முளைவிடும். பழைய இனங்கள் பலவற்றுக்கு அறுத்தபின் சில கிழமை உறங்கும் குணம் உண்டு. விரைவாக முளைக்க வேண்டும் என்று தெரிந்தெடுத்துக்கொண்டே போனதில் புதிய வகைகள் சில அந்த உறக்கத்தைத் தொலைத்துவிட்டன. கூலிக்கு ஆள் இல்லாததால் அறுவடை இப்போது பெரும்பாலும் இயந்திரத்தில். ஈர வயலில் அந்தப் பாரம் இறங்கினால் புதையும். சின்னச் சின்ன வயல்களுக்குள் திரும்ப இடமில்லாமல் வரம்பை உடைத்துக்கொண்டு போகும். உடைத்த வரம்பை அடுத்த மாரிக்கு முதல் யார் கட்டுவது என்பதில் பக்கத்துக் காணிக்காரர்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தையை நான் இங்கே எழுதினால் பதிப்பாளர் விடமாட்டார். தைப்பூசத்துக்கு முதல் நாள் மறவன்புலவு வயலில் நல்லூர்க் கந்தனுக்குப் புதிர் என்ற புதுநெல் அறுப்பார்கள். நாட்காட்டி அசையாது. மழை அந்த நாட்காட்டியை இப்போது அவ்வளவாக மதிப்பதில்லை.

வெளியிலிருந்து வரும் நல்ல ஆலோசனைகளில் குடாநாட்டுக்குப் பொருந்தாதவையும் உண்டு. தேங்கிய வயலில் ஒட்சிசன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. மனிதர் வெளியேற்றும் மெதேனில் நெல்வயலின் பங்கு பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே. அதைக் குறைக்க, வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சச் சொல்கிறார்கள். இரணைமடுவின் கீழ் செய்யலாம், செய்யவும் வேண்டும். தனங்கிளப்பில் காயவிட்டால் மறுபடி பாய்ச்ச என்ன இருக்கிறது? காயும் மண்ணில் மேலே ஏறுவது உப்பு. காயவிடும் வேலையை வானமே கேட்காமல் செய்துகொண்டுதான் இருக்கிறது.

பசளை விடயம் வேறு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியதும், நவம்பரில் அதைக் கைவிட்டதும், அந்தக் காலபோகத்தில் நாடு முழுதும் விளைச்சல் சரிந்ததும் எல்லோருக்கும் தெரியும். இரவோடிரவாக நிறுத்தியது மடத்தனம் என்பதற்காக, இடுகிற யூரியா எல்லாம் சரி என்றாகிவிடாது. மழையை நம்பிய வயலில் நாளைக்குத் தாழமுக்கம் என்று தெரியாமல் இன்றைக்கு எறிந்த யூரியா, நாளை மறுநாள் கடலேரியிலோ சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பிலோ இருக்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. அதில் பெரும்பழி தோட்டப் பயிர்களுடையது என்றாலும் வயலும் சுத்தமான கையோடு நிற்கவில்லை. பசளையைக் குறைக்க முதல் கருவி வானிலை அறிக்கை.

அந்தக் கருவி ஓரளவு கையில் வந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா வெளியிடும் முன்னறிவிப்புகளைக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் கைப்பேசியில் பார்த்துத் திட்டம் போடுவது வடக்கில் சாதாரணமாகிவிட்டது. ஐந்தாறு நாளைக்கு முன்னதாகத் தாழமுக்கத்தைச் சொல்ல இன்றைய விஞ்ஞானத்தால் முடிகிறது. பருவம் முழுதுக்கும் சொல்வது கடினம், என்றாலும் கையில் ஒன்றுமில்லை என்றில்லை. எல் நினோ ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை கூடுவதும், லா நினா ஆண்டுகளில் குறைவதும் பொதுவான போக்கு. எல் நினோ என்றாலே வறட்சி என்று செய்தி வாசிப்பவர்கள் நமக்கு இதைத் தலைகீழாகச் சொல்லிவிடுகிறார்கள். ஓகஸ்டில் இது தெரிந்தால், லா நினா ஆண்டில் குறுகிய வகையை எடுத்து, முதல் பாட்டத்தை நம்பாமல் இரண்டாம் மழையைக் கண்டு விதைக்கலாம். குளத்தின் கீழ் செய்யும் ஊர்களில் போகத்துக்கு முன் கூட்டம் கூடி விதைக்கும் நாளைத் தீர்மானிப்பார்கள், தண்ணீர் திறக்கும் நாள் பொது என்பதால். மானாவாரி வயலில் அவரவர் நாள் அவரவருக்கு. ஒருவர் முன்னதாக விதைத்து மடை திறந்துவிட, அது பக்கத்து வயலின் நாற்றை மூழ்கடிக்கும். வானம் பொதுவாகிவிட்டது, விதைப்பு நாள் இன்னும் தனிச்சொத்தாக இருக்கிறது.

நிலமும் அப்படித்தான். காணிக்காரர் கனடாவில், குத்தகைக்காரர் சாவகச்சேரியில். ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்தவர் ஐந்து வருடம் பயன் தரும் வரம்பைக் கட்டமாட்டார், சாணமும் போடமாட்டார். நகரத்தை அண்டிய வயல்களில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்குவது வேறு நடக்கிறது. நெற்காணியை அனுமதியின்றி நிரப்புவதை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கிறது. லொறி இரவில் வருகிறது.

எல்லா வரம்புகளுக்கும் கடைசி வரம்பாக இரண்டு தடுப்பணைகள் இருக்கின்றன, வடமராட்சிக் கடலேரி கடலைத் தொடும் தொண்டைமானாற்றில் ஒன்று, உப்பாற்றின் வாயில் அரியாலையில் ஒன்று. மாரியில் கதவை மூடி மழைநீரைத் தேக்கினால் கடலேரி வருடா வருடம் உப்புக் குறைந்து, சுற்றியுள்ள கிணறும் வயலும் தெளியும் என்பது யோசனை. 19ஆம் நூற்றாண்டில் அரசாங்க அதிபராக இருந்த துவைனம் காலத்திலேயே இது பேசப்பட்டது. 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அதை விரித்து, ஆனையிறவுக் கடலேரியைச் சுண்டிக்குளத்தில் மறித்து, கனகராயன் ஆற்று நீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொண்டுவரும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டமாக வகுத்தார். வேலை தொடங்கி, பகுதி பகுதியாக நடந்து, முழுமையாகாமல் நின்றது. அறுபது, எழுபது வருடமாக ஒவ்வொரு தேர்தலிலும் அது புதிதாகப் பிறக்கிறது. கடலேரியில் இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உப்பு போய்விட்டால் தாங்கள் எங்கே போவது என்று கேட்பதற்கு அந்த மேடைகளில் பதில் கிடையாது.

பெரிய திட்டம் வரும்வரை, இருக்கிற கதவுகளை எப்போது திறப்பது என்ற சின்னக் கேள்வி ஒவ்வொரு கார்த்திகையிலும் எழுகிறது. மூடியே வைத்தால் கிணற்றுக்காரருக்கு நல்லது, தாழ்ந்த வயல்கள் மூழ்கும். முன்னதாகத் திறந்து, எதிர்பார்த்த புயல் திசை மாறிப் போய்விட்டால், சேர்த்த நன்னீர் கடலுக்குப் போய்விடும், தைக்குள் அது திரும்ப வராது. ஐந்து நாள் முன்னறிவிப்பும், மேல் வயல்களில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்ற அளவும், பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்ற பதிவும் ஒரே மேசைக்கு வந்தால் இதைக் கணக்காகச் செய்யலாம். புயல் கரை கடப்பதற்கு நான்கு நாள் இருக்கும்போது கதவை அரைவாசி திறந்து கடலேரியை ஒரு முழம் இறக்கி, மழை தொடங்கியதும் மூடினால் வயலும் தப்பும், நீரும் நிரம்பும். அதற்கு அந்த மேசையில் நீர்ப்பாசனத் திணைக்களம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், வானிலை சொல்பவர் என்று எல்லோரும் ஐப்பசியிலேயே உட்கார்ந்து எந்த மட்டத்தில் எந்தக் கதவு என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தபின் நடுச்சாமத்தில் தொலைபேசியில் சண்டை பிடித்து முடிவெடுக்கிற காரியம் அல்ல அது.